புயல் காட்சியில் விழுந்த முடிச்சு

திரை ஏறுவதற்கு முன்னால் றெஜினோல்ட் அண்ணன் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் இரும்பு ஏணியில் கால் வைப்பார். ஏன் இவ்வளவு சுத்தம் என்று கேட்டால், ஊரில் மீன் கையோடு கயிற்றைத் தொட்டுத் தகப்பனிடம் அடி வாங்கிய பழக்கம் என்பார்.

ஆக்லாந்து நகர மையத்தில், வங்கிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பழைய நாடக அரங்கம் அது. நான் அங்கே விளக்குகளை இயக்குகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், மின்பொறியியல். லைட்டுப் போடத்தானா இன்ஜினியரிங் படிச்சே என்று அப்பா போனில் கேட்பார். முந்நூறு விளக்குப்பா, எல்லாம் கம்ப்யூட்டர்ல என்றால் கொஞ்சம் சமாதானமாவார். மவுண்ட் ஆல்பர்ட்டில் றெஜினோல்ட் அண்ணனின் மரவீட்டுப் பின்னறையில்தான் குடியிருக்கிறேன். அதனால் அவரை அரங்கத்திலும் பார்த்தேன், வீட்டிலும் பார்த்தேன்.

அண்ணன் மன்னார் பேசாலைக்காரர். முப்பது வயது வரை கடல்தான். போர்க்காலத்தில் கடலுக்குத் தடை வந்தது, பிறகு படகும் போனது. மனைவி டோறின் அக்காவின் தங்கை இங்கே இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தார்கள். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அண்ணன் பகலில் வெஸ்ட்கேட்டில் ஒரு கடையின் கிடங்கில் குளிர்பெட்டி, சலவை இயந்திரம் இறக்குவார். ஒருமுறை அரங்கத்துக்கு நாற்காலிகள் இறக்க வந்தவர், மேடையோரம் சிக்கலாகக் கிடந்த கயிற்றுக் குவியலைப் பார்த்துப் பொறுக்காமல், யாரும் கேட்காமலே உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் மேடை மேலாளர் ஃபியோனா ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து மாலைகளில் அவருக்கு இடம், மேடைக்கு மேலே பக்கச் சுவரை ஒட்டி ஓடுகிற ஒடுங்கிய இரும்புத் தட்டு.

காட்சித் திரைகளையும் தொங்கும் பொருள்களையும் ஏற்றி இறக்குகிற கயிறுகள் எல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் வரும். கீழே இருக்கிற எங்களுக்கு அது 'மேல்தட்டு'. அண்ணனுக்கு மட்டும் 'அணியம்'. படகின் முன்பக்கத்தை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். கிடங்கில் அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. அணியத்தில் ஏறிவிட்டால் மனிதர் மெல்லப் பாடுவார். வாழ்க்கையில் இரண்டாம் முறை கிடைத்த படகு என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அவரோடு அங்கே நிற்பவன் விரெமு. இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இளைஞன், முப்பது இருக்கும், வீட்டில் கைக்குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மூன்று தடவை தாமதமாக வந்து ஃபியோனாவிடம் எச்சரிக்கை வாங்கியிருந்தான். அண்ணனுக்கு ஆங்கிலம் அளவாகத்தான் வரும், விரெமுவுக்குத் தமிழ் சுத்தமாக வராது. கண்ணாலும் கையாலும் பேசியே மூன்று வருடம் ஓட்டியிருந்தார்கள். டோறின் அக்கா கட்டிக்கொடுக்கிற கட்லட்டில் பாதி அவனுக்குப் போகும்.

போன குளிர்காலத்தில் போட்ட நாடகம், இருநூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றைப் பற்றியது. ஜார்ஜ் என்ற பெயரில் அரசர்கள் வரிசையாக ஆண்ட காலம். அந்தக் கொட்டகைகளில் மேடையிலும் அவையிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்கும். பாதி நாடகத்தில் பாதிக் காசுக்கு ஆட்கள் உள்ளே வருவார்கள். பிடிக்காவிட்டால் ஆரஞ்சுத் தோல் பறக்கும். நடிகையின் பாவாடையில் தீப் பிடிக்கும். ஆகாயத்தில் போன தேர், கம்பி அறுந்து ஆளோடு விழுந்ததும் உண்டு. இந்த விபத்துகளை எல்லாம் கோத்து எங்கள் நாடகக்காரர்கள் ஒரு கதை பண்ணியிருந்தார்கள். மேடையில் எது தவறினாலும் அவையில் சிரிப்பு. இயக்குநருக்கு மோட்டார் கூடாது. அந்தக் காலம் மாதிரியே திரைகளைக் கையால்தான் இழுக்க வேண்டும், இடிச் சத்தத்துக்கு மரத் தொட்டியில் இரும்புக் குண்டு உருட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அந்தக் கொட்டகைகளில் கயிறு இழுத்தவர்கள் கப்பலிலிருந்து கரையேறிய மாலுமிகள் என்றும், அவர்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துக் குறிப்புக் கொடுத்ததால்தான் இன்றைக்கும் மேடையில் யாரும் விசில் அடிக்கக் கூடாதென்றும் நாடகக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. உண்மையோ என்னவோ. அண்ணனிடம் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அப்ப நீங்கள் லண்டன் மாப்பிள்ளையோ என்று அக்கா அன்று முழுக்கக் கேலி பண்ணினார்.

மேல்தட்டில் ஒரு விதி இருக்கிறது. கயிற்றைத் தட்டின் விளிம்பிலிருக்கிற முளையில் சுற்றி, எட்டு வடிவில் குறுக்காகப் போட்டுக் கட்டலாம், ஆனால் கடைசியில் பூட்டு முடிச்சுப் போடக் கூடாது. யார் கட்டியிருந்தாலும், இருட்டில் வேறொருவர் கை வைத்தால் ஒரே உருவலில் அவிழ வேண்டும். கடலில் கட்டு நேர்மாறு. அங்கே அவிழ்ந்தால் உயிர் போகும், அதனால் கடைசிச் சுற்றைத் திருப்பிப் போட்டுப் பூட்டுவார்கள். முதல் நாளே ஃபியோனா இதைச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை இரண்டாம் பாகத்தில் புயல் காட்சி. கீழே இடிக் குண்டு உருண்டது. பக்கவாட்டில் பெரிய காற்றாடிகள் சுழன்றன. கடல் வரைந்த திரை பாய்மரம் மாதிரி விம்மியது. அன்று ஒரு காற்றாடியை யாரோ கூடுதல் வேகத்தில் வைத்திருந்தார்கள். திரையின் கயிறு அண்ணன் கையில் துள்ளியது. அவர் அதை இழுத்து, முளையில் கட்டிவிட்டு, அடுத்த வேலைக்கு நகர்ந்தார். மெழுகுவர்த்திச் சரவிளக்கு ஒன்றை மேலே தூக்குகிற வேலை. கடல் திரையின் கயிற்றுக்கு இனி விரெமு பொறுப்பு.

விளக்கு பாதி உயரம் ஏறியபோது, காற்றில் ஆடிய கடல் திரையின் அடியில் கோத்திருந்த கட்டை சரவிளக்கின் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. திரையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கழன்றுவிடும். தளர்த்து என்று அண்ணன் குரல் கொடுத்தார். விரெமு கயிற்றை உருவினான். வரவில்லை. மறுபடி உருவினான். கட்டு இன்னும் இறுகியது. இடுப்புக் கத்தியை எடுத்து அவன் முளைமேலிருந்த சுற்றுகளை அறுப்பதற்குள், திரை இழுத்த இழுப்பில் விளக்கின் கிளை முறிந்து கீழே நின்ற நடிகையின் தோளில் விழுந்துவிட்டது.

அவள் முழங்காலில் சரிந்தாள். அவையோர் கைதட்டினார்கள்.

அதுவும் நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். அவள் வலியில் முனகியதற்குச் சிரித்தார்கள். நான் அரங்க விளக்குகளை முழுவதும் எரிய விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கைதட்டல் நிற்கவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் கேட்கும்.

தோளின் காறை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அறுபட்ட கயிறு விசையோடு ஓடியதில் கட்டும் பிரிந்து போயிருந்தது. முளையில் ஒன்றுமில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கயிற்றில் விரெமுவின் கை இருந்தது, அவன் தாமதித்தான். அவனே அப்படித்தான் நம்பினான். பதற்றத்தில் தப்பான பக்கம் இழுத்திருப்பேன் என்று ஃபியோனாவிடம் சொல்லி அழுதான். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்கள். வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ரயிலில் வீடு திரும்பும்போது அண்ணன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசைக்குப் போனார், நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் போனபோது எழும்பவில்லை. திங்கட்கிழமை வெஸ்ட்கேட்டுக்குப் போய் வந்து சாப்பிடாமல் படுத்தார். செவ்வாய் பின்னேரம் அண்ணன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா மேசையில் மரக்கறி வெட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெடியனை நினைச்சோ இப்பிடி இருக்கிறியள், உங்களை நினைச்சோ?"

அண்ணன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "நான்தான் கட்டினது, டோறின். காத்தடிச்சுது. இடி. கயிறு கைக்குள்ளை துள்ளினது. கை தன்ரை பாட்டிலை பூட்டிப்போட்டுது."

"அப்பவே தெரியுமோ?"

"ஓம். அவன் இழுத்து வராமல் விட்டவுடனை தெரியும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். சொன்னால் இவரை மேலே ஏற விடமாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆள் காயப்பட்ட விஷயம், சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கட்டு பிரிந்துபோய்விட்டது, யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது என்ற நினைப்பு என் தலைக்குள் ஓடியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"அவன்ரை பிள்ளைக்கு என்ன பேர்?" என்று அக்கா கேட்டார்.

"அரோஹா."

"மூண்டு வரியம் என்ரை கட்லட்டைத் திண்ட பெடியன்" என்றார் அக்கா. அவ்வளவுதான். மறுபடி மரக்கறி வெட்டத் தொடங்கினார். அண்ணன் எழும்பிப் போய் ஃபியோனாவுக்குப் போன் பண்ணினார்.

புதன்கிழமை பகல், காலியான மேடையில் கூடினோம். விரெமுவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மொழிக்கு உதவியாக நானும் போனேன். அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது: ஃபியோனா நம்பவில்லை. மூன்று வருடத்தில் மேல்தட்டில் சுத்தமான கட்டு உங்களுடையதுதான், சிநேகிதனைக் காப்பாற்ற நீங்கள் பழியை ஏற்கிறீர்கள், அது நல்ல மனது, ஆனால் எனக்கு உண்மை வேண்டும் என்றார். இதையும் நான் தமிழில் சொன்னேன். தான் செய்த தவறை ஒரு மனிதர் நிரூபிக்க வேண்டியதாகப் போயிற்று.

அண்ணன் நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தார். காற்றாடியைப் போடச் சொன்னார். கடல் திரையை இறக்கச் சொன்னார். கீழே ஒருவரை இடிக் குண்டு உருட்டச் சொன்னார். பிறகு கை கழுவப் போனார். அந்த நேரத்திலும்.

மேலே ஏறி, விம்முகிற திரையின் கயிற்றைப் பிடித்தார். கண் முளையில் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு, இழுத்து, சுற்றி, எட்டுப் போட்டார். குண்டு உருண்டு சுவரில் மோதியது. கயிறு துள்ளியது. மணிக்கட்டு ஒருமுறை திரும்பியது. எங்களுக்கு அது தெரியக்கூட இல்லை.

"விரெமுவைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, தம்பி" என்றார்.

விரெமு ஏணி ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்து உருவினான். வரவில்லை. மறுபடி உருவினான். அப்படியே நின்றான். நாங்கள் கீழே இருந்து அவன் முதுகைத்தான் பார்த்தோம். இதேதான் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னது, காற்றாடி நின்ற பிறகுதான் எங்களுக்குக் கேட்டது.

அவன் அண்ணனைக் கட்டிப்பிடிக்கவில்லை. நன்றி சொல்லவுமில்லை. தட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, நாலு நாள் என்றான். நாலு நாளாக என் குழந்தையை இந்தக் கையால் தூக்கப் பயந்தேன் என்றான். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவர் பதிலாகச் சொன்னது ஒரே ஒரு சொல்: "ஓம்."

நடிகையைப் பார்க்க அண்ணனும் அக்காவும் போனார்கள். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. விரெமுவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அண்ணனை அனுப்பிவிடவில்லை, ஆனால் மேலே ஏறக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. நாடகம் வேறொரு நடிகையோடு மறுபடி தொடங்கியபோது, இடிக் குண்டு உருட்ட ஆள் வேண்டியிருந்தது. செய்வீர்களா என்று ஃபியோனா தயங்கித் தயங்கிக் கேட்டார். செய்வேன் என்றார்.

அப்பா இப்ப தண்டர் மேன் என்று அவருடைய மகள் ஜனுஷா சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவர் சிரித்தார், மகளுக்காக.

முதல் இரண்டு வாரம் விரெமு அவரோடு பேசவில்லை. கட்லட் பெட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அக்கா ஒன்றும் கேட்காமல் மறுநாளும் அதே அளவு பொரித்துக் கட்டினார். மூன்றாம் வாரம் ஒரு மாலை, இடைவேளையில் விரெமு ஏணியிலிருந்து இறங்கிவந்து, மரத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தின்றான். பிறகு இன்னொன்று. மணி அடித்ததும் எழுந்து மேலே போனான்.

அண்ணன் இப்போதும் திரை ஏறுவதற்கு முன் கை கழுவுகிறார். புயல் காட்சி வரும்போது இரும்புக் குண்டைத் தொட்டியில் விட்டுவிட்டு நிமிர்கிறார். மேலே இருட்டில் கயிறு ஓடுகிற சத்தம் கேட்கும். அது நிற்கிற வரைக்கும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார்.