இழைப்பு மெஷினின் மூடி

அப்பாவின் பழைய இழைப்பு மெஷினைச் சரிசெய்து என் பட்டறையில் தினமும் ஓட்டலாம் என்று இன்று பிரித்தபோது, அதன் அடிப்பெட்டியில் கிரீசும் மரத்தூளும் எலிப்புழுக்கையும் களிம்பாய் இறுகி அடித்த வீச்சம், காதர்பேட்டையில் பனியன் அனுப்ப மரப்பெட்டி செய்த எங்கள் பழைய பட்டறைக்கே என்னை இழுத்துப் போனது. இப்போது அங்கே குடோன் நிற்கிறது. அன்று மரத்தூளில் வெற்றிலை எச்சில் ஊறிக் கிடக்க, காலையெல்லாம் மெஷின் அலறி ஓய்ந்த மத்தியானத்தில், அதன் கத்தியில் இரண்டு விரலைப் பறிகொடுத்த கையாலேயே சித்தப்பா தயிர்ச்சோறு பிசைவார்; மொட்டைக் கணுவில் பருக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்துக் குமட்டி, நான் தட்டோடு வெளியே போய்விடுவேன். விரல் எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் அப்பாவுக்கு ஒரே பதில்தான்.

"கத்திக்கு மூடி இல்லாமத்தானுங்க மெசினே வந்துச்சு."

"அண்ணன் என்னங்க பண்ணுவாரு" என்பார் சித்தப்பா.

களிம்பைச் சுரண்டினேன். அடியில் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, அப்பா போடும் இரட்டை முடிச்சோடு ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே, இல்லவே இல்லை என்ற அந்தக் கத்தி மூடி, அதன் நாலு போல்ட்டோடு. துருவைத் துடைத்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.