கண்ணாடி நாரில் வந்த பச்சை வெளிச்சம்

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. எண்பதுகளின் பின்பாதியில், நுவரெலியாவில் நடந்த ஆசிரியர் நேர்முகப் பரீட்சையன்று அந்த வாய் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஆய்விதழைப் புரட்டியிருந்தேன். மயிரிழை போன்ற கண்ணாடி நாருக்குள் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை, அதாவது அகச்சிவப்பு லேசரை, செலுத்தியிருக்கிறார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தபோது மறுமுனையில் பச்சை ஒளி வந்திருக்கிறது! கண்ணாடியால் முடியாது என்று எல்லாரும் நினைத்த காரியம். உள்ளே போன ஒளியே கண்ணாடியை மாற்ற, மாறிய கண்ணாடி ஒளியின் நிறத்தை மாற்றிவிட்டது. வீட்டுக்குத் திரும்பிய ரயில் வட்டகொடைக்கு வந்து சேரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொன்னேன். அவர் பாவம், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் கேட்டார்: “ஒரே நிற ஒளி கண்ணாடிக்குள்ள போய் வெளிய வந்தா நிறம் மாறுமா?”

பாடப்புத்தக விடை ‘மாறாது’. அதைச் சொல்லியிருந்தால் வேலை கையில். வீட்டில் நான்கு பேர் அந்த வேலையை நம்பியிருந்தார்கள்.

“மாறும் சேர்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“சாதாரணமா மாறாது சேர். பலமான லேசர் வெளிச்சத்த விட்டா மாறுது.” நாரின் கதையை மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார். விடுவேனா? அப்பா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையையும் இழுத்தேன். “அரைச்ச கொழுந்த பரப்பி வெச்சா, யாரும் கை வெக்காமலே பச்சை போயி செம்பு நிறமாகுதில்லீங்களா? இதுக்கும் அப்படி நேரம் குடுக்கணும் சேர்.”

“நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“இல்ல சேர். படிச்சேன்.”

இரண்டாமவர் சிரித்துவிட்டார். மூன்றாமவர் எதையோ எழுதினார். போச்சு என்று நினைத்தேன். பஸ்ஸில் அழுதேன். ஆனாலும் சொன்னதை நினைத்தால் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நியமனக் கடிதம் வந்தது. முதல் நாள் அதிபரின் அறைக்குள் நுழைந்தால், அந்த மூன்றாமவரே அதிபராக உட்கார்ந்திருக்கிறார். வணக்கம் சொன்னேன். அவர் வரவுப் பதிவேட்டைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க. அந்தப் பச்சை வெளிச்சத்த மொதல்லேருந்து சொல்லுங்க. அன்னைக்கி அவங்க முன்னால கேக்க வெக்கமா இருந்திச்சி.”