பதினேழாம் பக்கம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோகிலவாணி, சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் தேர்வு முடிவு பார்த்துச் சொல்கிறவள். அன்று மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தன் பதிவெண்ணைத் தட்டினாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ். மற்ற தாள்களையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டாள். 'மேற்கத்திய நாடக வரலாறு' என்ற ஒரே ஒரு தாள்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஐம்பது எடுத்தால் போதும். முதல் தடவை நாற்பத்தாறு, இரண்டாம் தடவை நாற்பத்து நான்கு. இந்தத் தடவை நாற்பத்தேழு.

"நல்லா இருங்கய்யா" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

வெறும் பட்டத்துக்காக என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குத் தமிழ் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. தற்காலிக வேலைதான், ஆனாலும் வேலை. அவளிடம் பி.எட். இருந்தது, எம்.ஏ. இல்லை. தலைமையாசிரியை ஆண்டாள் அவளுடைய பேச்சு பிடித்துப்போய், "ஜூன் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கினு இருக்கேன்மா. அதுக்குள்ள முடிச்சிட்டு வந்துடு" என்று சொல்லியிருந்தார். கோகிலவாணி, அம்மா செவ்வந்தி கரும்பு வெட்டி வளர்த்த பெண். இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதையே நகல் எடுத்தாயிற்று, ஒரு நாளாவது கரும்பலகை முன்னால் நின்று தன் வாயால் பேச வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் குறுக்கே நின்றது மூன்று மார்க்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாளுக்கு மாவட்டம் முழுக்கப் படிக்கும் நோட்ஸைத் தட்டச்சு செய்தவளே அவள்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் பேராசிரியர் அரங்கநாதன் தன் கையெழுத்துக் குறிப்புகளைக் கொடுத்து, "பிழையில்லாம அடிம்மா" என்று சொல்லிவிட்டு டெல்லிக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கடைக்கு அப்போது தகரக் கூரை. ஒரு மழையில் ஒழுகி, பதினேழாம் பக்கத்து மை முழுக்கக் கரைந்துவிட்டது. தலைப்பு மட்டும் பிழைத்தது: 'கிரேக்க அரங்கில் அரசன் தோன்றும் முறை.' அவருடைய போன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை தேர்வு. வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று உயிரை வாங்கினார்கள்.

அரசன் எப்படித் தோன்றுவான் என்று அவளுக்கா தெரியாது? திரௌபதி அம்மன் கோவில் கூத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே. மூச்சுவிடாமல் அரைப் பக்கம் அடித்தாள். இருவர் திரை பிடிப்பர். திரைக்குப் பின்னால் அரசன் ஆடுவான். கட்டியக்காரன் வந்து நீர் யார் என்று கேட்பான். அரசன் தன் பேரையும் ஊரையும் சொன்ன பிறகே திரை விலகும். அரங்கநாதன் எந்தப் பத்தியையும் முத்திரை குத்தாமல் முடிக்கமாட்டார் என்பது ஞாபகம் வர, கடைசியில் அவர் பாணியிலேயே ஒரு வரி சேர்த்தாள்: 'இது கிரேக்கர்களின் தனிச் சிறப்பாகும்.'

அரங்கநாதன் திரும்பி வந்து நோட்ஸை வாங்கிப் பார்த்தார், அட்டை நன்றாக இருக்கிறது என்றார். உள்ளே படிக்கவில்லை. அவர் இறந்தும் ஆறு வருடம் ஆகிவிட்டது.

பிறகு அவளே எம்.ஏ. சேர்ந்தாள். நூலகத்தில் தூசி தட்டி எடுத்த ஒரு தடிப் புத்தகத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. மலைச்சரிவில் கல் படிகள், நடுவில் வட்டமான தரை, முகமூடி போட்ட இரண்டு மூன்று நடிகர்கள், பாடி ஆடும் ஒரு கூட்டம். முடிச்சு அவிழாவிட்டால் கடைசியில் ஜேசிபி மாதிரி ஒரு பொறியில் தொங்கிக்கொண்டு கடவுள் இறங்கி வருவார். திரை மட்டும் இல்லவே இல்லை. ரோமானியர் காலத்தில்தான் திரை வந்தது. அதுவும் நாடகம் தொடங்கும்போது கீழே பள்ளத்துக்குள் இறங்கும். கட்டியக்காரனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்தபடியே அவளுக்குக் காது சூடேறியது.

மறுநாளே பதினேழாம் பக்கத்தைத் திருத்தி அடித்து, பழையதை அழித்துவிட்டாள். ஒரு வாரத்தில் சுபஸ்ரீ என்ற மாணவி நோட்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது? கட்டியக்காரனையே காணோம்."

"அது தப்பும்மா. கிரேக்கத்துல அப்பிடி எதுவும் இல்ல."

"இல்லன்னா போவட்டும்க்கா. வருஷா வருஷம் கொஸ்டின் வருதே. பழசு இருந்தா குடு."

இல்லை என்றாள். சுபஸ்ரீ அடுத்த கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரன் எப்போதோ இவளிடம் வாங்கிய பழைய நோட்ஸை நகல் போட்டு விற்றுக்கொண்டிருந்தான், பக்கத்தின் ஓரத்தில் இவள் வரைந்த தாமரைப் பூ உட்பட.

தேர்விலாவது உண்மையை எழுதலாம் என்று எழுதினாள். மூன்று தடவையும் அதே பதினைந்து மதிப்பெண் கேள்வி, 'கிரேக்க அரங்கில் திரையின் பயனைக் கட்டுரைக்க.' மூன்று தடவையும் திரையே இல்லை என்று படம் போட்டு விளக்கினாள். இந்தத் தடவை விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரி ஜெராக்ஸுக்கு விண்ணப்பம் போட்ட கதையைச் சொல்லி அவள் புருஷன் வீரமணி சிரித்தான். நகல் வந்தது. அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம், கீழே 'பாடத்தைப் படிக்கவும்'.

பொறுக்கமுடியாமல் திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறினாள். அஞ்சல் வழிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கும் நாராயணசாமி அங்கே இருந்தார். விடைத்தாள் திருத்தவும் போகிறவர். நல்ல மனிதர், உட்காரவைத்து மோர் கொடுத்தார். நகலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பைண்டிங் புத்தகத்தை எடுத்து வந்தார். பதினேழாம் பக்கத்தைப் பிரித்தார். ஓரத்தில் தாமரைப் பூ.

"பாரும்மா, தெளிவா இருக்குது. நானே இதப் படிச்சுத்தான் பாஸ் பண்ணேன். கொஸ்டின் எடுக்கறவங்களும் இதப் பாத்துத்தான் எடுக்கறாங்க."

"சார், இந்தப் பக்கத்த எழுதுனது நான்தாங்க. மழையில நனைஞ்சிபோச்சி. நம்ம ஊரு கூத்துல பாத்தத எழுதி வச்சேன்."

நாராயணசாமி புத்தகத்தை மூடி அட்டையைக் காட்டினார். "அரங்கநாதன் அய்யா நோட்ஸ்மா இது" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "செத்துப்போன மனுஷன் மேல பழி போடாத."

தடிப் புத்தகத்திலிருந்து எடுத்த நகலை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். "இது பாடத்திட்டத்துல இல்லியேம்மா. வேலைக்குப் போவணும்னு சொல்ற. இதுல இருக்கறத எழுதிட்டுப் போயேன். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஆற்றாமை. ஒரு பொய்யை அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். அதைத் திரும்ப வாங்க நான்கு வருடமாக நடையாய் நடக்கிறாள், ஒருவரும் விடமாட்டேன் என்கிறார்கள்.

மே மாதம் உளுந்தூர்பேட்டையில் தேர்வு. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. வினாத்தாளைத் திருப்பினாள். பதினாறாவது கேள்வி, எழுத்து மாறாமல் அதேதான்.

ஜூனுக்கு ஒரு மாதம் இருந்தது. தடிப் புத்தகம் கண்முன் வந்தது, ஆண்டாள் டீச்சரும் வந்தார். பேனாவை எடுத்தாள். இருவர் திரை பிடிப்பர். திரைக்குப் பின்னால் அரசன் ஆடுவான். வெட்கமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் எழுதியதைவிட நன்றாகவே எழுதினாள், சலங்கைச் சத்தத்தைக்கூட விடவில்லை. கடைசி வரிக்கு வந்தபோதுதான் கை நின்றது. இது கிரேக்கர்களின்... தன் ஊர்க் கூத்தைத் தூக்கி யாருக்கோ எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அறுபத்து மூன்று. தேர்ச்சி. ஆண்டாள் டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடையை வீரமணி பார்த்துக்கொள்ள, கோகிலவாணி மலைக்குப் போய்வரத் தொடங்கினாள். ஆனாலும் குடைச்சல் விடவில்லை, இந்த விடைத்தாளுக்கும் நகல் கேட்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் வீரமணி அந்தக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும்போது பிரித்தாள்.

பதினாறாவது கேள்வி. பதினைந்துக்குப் பதினான்கு. விடையின் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'கிரேக்கர்களின் தனிச் சிறப்பு என்பதைக் குறிப்பிடவில்லை.'

பக்கத்து சீட்டில் சாமைப் பையை மடியில் வைத்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "பரிச்ச பேப்பரா? பாஸ் ஆயிட்டியாம்மா?"

"பாஸ்தாங்க" என்றாள் கோகிலவாணி, தாளை நாலாக மடித்துக்கொண்டே. "அதான் எரியுது."