அவரது தாடியை நான் மழித்த நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனின் லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, முகம் மழிப்பது. ஏழாம் அறையில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். சிறுவயதில் தம்பியோடு லண்டனுக்கு வந்து ஐஸ்கிரீம் விற்றவர். பிறகு குதிரைப் பந்தயத் திடல்களில் ஆட்களை மிரட்டும் கும்பலில் சேர்ந்து, சவரக் கத்தியால் பலரின் கன்னத்தைக் கிழித்தவர். கும்பலை விட்டுப் போக நினைத்த சொந்தத் தம்பியின் கன்னத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவரே என்னிடம் சொன்னார். அதன் பிறகு அறுபது வருடமாகத் தம்பி அவரோடு பேசவில்லை.

அந்தத் தம்பி இறந்த செய்தி வந்ததிலிருந்து அவர் முகம் மழிக்க விடவில்லை.

"செத்தவரைப் புதைக்கும்வரைக்கும் எங்கட ஆக்கள் சவரம் செய்யமாட்டினம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ ஏனடா என்னைப் போலத் தாடியோட திரியிறாய்?"

"அப்பா ஊரில செத்திட்டார். போக ஏலேல்லை."

"அப்ப உனக்கு விளங்கும்."

அடக்கத்தன்று தம்பியின் மகன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. தம்பியின் பெட்டியை ஒருமுறை தொடவேண்டும், அவ்வளவுதான் கிழவருக்கு. காலையிலேயே கறுப்பு டை கட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "குடும்பத்தார் வருகினம். இவரை மழித்துவிடு."

துக்கத் தாடி என்று சொல்ல என் ஆங்கிலமே போதும். சொல்லவில்லை. கூட வேலை செய்த அண்ணையிடம்தான் போய்ச் சொன்னேன்.

"உன்ர விசாவே இன்னும் சரிவரேல்லை. நீ அவவோட வழக்காடப் போறியே? சொன்னதைச் செய்யடாப்பா."

நுரைக் கிண்ணத்தோடு போனதும் கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார். "மேலாளர் சொன்னவா," என்றேன். கையை இறக்கிவிட்டார். மழித்தேன்.

தம்பியின் மகன் ஒரு வாரத் தாடியோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இண்டைக்கும் கத்தியைக் கீழ வைக்க ஏலாதோ, பெரியப்பா?"

நான் நுரைக் கிண்ணத்தோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கிழவர் என் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வந்தவர் தனியாகவே திரும்பிப் போனார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சற்றுப் பொறுத்து டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

மறுநாள் காலை, மழிக்கவா என்று நான் கேட்கும் முன்பே முகத்தை என் பக்கம் திருப்பினார்.