கம்பளத்தில் தைத்த மூன்று பொத்தான்கள்

என் கணவர் நஸ்ஸரேனோ ரோமில் இருபத்தேழு வருஷம் ட்ராலி தள்ளினார். அவர் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஆனால் ஒரு கொலைப் படம் தொடங்கும்போது நீங்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தால், அதில் பாதி அவர் வேலை. டைரக்டரின் வேலை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தண்டவாளத்தில் ஓடும் பலகை வண்டிதான் ட்ராலி. மேலே காமிராவும் அதைப் பிடித்து ஓர் ஆளும் இருப்பார்கள், பின்னால் இவர். வேகமாகத் தள்ளினால் யாரோ ஓடி வருகிறார்கள் என்று தோன்றும். தூங்குகிறவர் மூச்சுவிடுவதுபோல் தள்ளினால் படம் பார்க்கிற ஆளே கொலைகாரனாகிவிடுவான். அந்தக் கண் இவனுடைய கண், அந்தக் கால் இவனுடைய கால். என் கணவரின் பாதம் எப்படிப் போனதோ அப்படித்தான் தியேட்டரில் வயிறு கலங்கியது.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் படப்பிடிப்பின்போது சத்தத்தைப் பதிவு செய்யமாட்டார்கள், பிறகு சேர்ப்பார்கள். அதனால் காமிரா ஓடும்போதே டைரக்டர் கத்துவார்: "போ! மெதுவா! நில்லு!" அதைக் கேட்டுத்தான் ட்ராலி நகரும்.

நஸ்ஸரேனோவுக்கோ இரண்டு வருஷமாகக் காது கேட்கவில்லை. முதலில் வலது, பிறகு இடது. செவிட்டு ஆளை யாரும் ட்ராலியில் விடமாட்டார்கள். அந்த வண்டி மோதினால் எலும்பு தப்பாது. நான் அதே ஸ்டூடியோவில் உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஷாட் எடுக்கும்போது அவர் கண்ணில் படும்படி நிற்பேன். தலைத்துணியைத் தொட்டால் மெதுவாக, கையை இறக்கினால் நிறுத்து. இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தப்புதான். இன்றைக்கென்றாலும் செய்வேன்.

இரண்டாவது வருஷம் நவம்பரில் கொர்ராதி என்ற டைரக்டர் வந்தார். முதல் காட்சியில் ரத்தம் இல்லை, கத்தி இல்லை. ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், ஆரஞ்சுப் பையை மேஜையில் வைக்கிறாள், உட்கார்ந்து தோட்டைக் கழற்றுகிறாள். அவளுக்குப் பின்னால் நீளமான நடைவழி. அதன் மறுகோடியிலிருந்து காமிரா அவள் பிடரியை நோக்கி வரவேண்டும். நடுவில் 'கட்' கிடையாது, ஒரே ஷாட்.

"அந்த ஓரத்துக் கதவக் கொஞ்சம் திறந்து வைங்க" என்றார் கொர்ராதி. "அது வழியா ஒருத்தனும் வரமாட்டான். ஆனா ஜனங்க அதையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதுக்குள்ள நாம கழுத்துகிட்ட போயிடுவோம்."

பிறகு சொன்னார்: "மேஜை விளக்கு மட்டும் எரியட்டும். மத்ததெல்லாம் அணை."

இருட்டில் என் சைகையை நஸ்ஸரேனோ எப்படிப் பார்ப்பார்?

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பொரித்த சோற்று உருண்டைக்கு வரிசையில் நின்றபோது, நான் தண்டவாளத்துக்கு நடுவே விரித்த கம்பளத்தில் உட்கார்ந்து, காலில் தட்டுப்படும்படி பொத்தான் தைத்தேன். ஓர் இடத்தில் ஒன்று, மெதுவாக. இன்னும் தள்ளி ஒன்று, இன்னும் மெதுவாக. கடைசியில் ஒன்று, நில். டப்பாவில் பெரிய பொத்தான் என்று இருந்தது பிஷப் வேஷத்து அங்கியின் ஊதாப் பொத்தான்தான். எங்கள் ஊர் நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் ஊதாவைக் கண்டால் செத்த வீட்டைக் கண்டதுபோல் ஓடுவார்கள். கறுப்பு நூலைச் சுற்றி மறைத்தேன்.

நஸ்ஸரேனோ ஷூவைக் கழற்றினார்.

"என்ன அண்ணே, மாதா கோயிலுக்கு வேண்டுதலா?" என்றான் விளக்குக்காரன்.

அவருக்குக் கேட்கவில்லை. சிரித்து வைத்தார்.

கம்பளம் சுருங்காமல் இருக்க அதன் பின்முனையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. இரண்டு தடவை சரியாக எடுத்தார்கள். கொர்ராதிக்குப் போதவில்லை. மூன்றாவது தடவை, ட்ராலி இரண்டாம் பொத்தானைத் தாண்டியதும் நடிகை லோரெதானாவின் தோடு கைதவறி விழுந்தது. அதைத் தேட நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஒரு முழம் இருக்கும். மூன்றாம் பொத்தான் இனி எதற்கும் உதவாது.

"நில்லு!" என்று கத்தினார் கொர்ராதி. "நில்லுன்னா நில்லு!"

நானும் கத்தினேன், காது கேட்காதவரிடம் கத்துகிற மடச்சி! விளக்கு வெளிச்சத்தில் என் கணவரின் முதுகு போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

சுவரில் காலை ஊன்றிக் கம்பளத்தை என் பலம் முழுக்க இழுத்தேன்.

அவர் தடுமாறினார். உடனே பிடியைப் பின்னுக்கு இழுத்தார். லோரெதானா நிமிர்ந்தபோது காமிராவின் கண்ணாடி அவள் பிடரிக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. காமிராக்காரனின் மூச்சு கழுத்தில் பட்டிருக்க வேண்டும். அலறினாள். அந்த அலறல் நடிப்பில் சேர்ந்ததல்ல.

"கட்!" என்று துள்ளினார் கொர்ராதி. "இதான்! இதான் எனக்கு வேணும்!"

நஸ்ஸரேனோவைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தவர் பாதி வழியில் எதையோ மிதித்தார். குனிந்து பிய்த்தார். நூல் அவிழ்ந்தது.

"ஊதா! என் செட்டுல ஊதாவா? யாருடா இது, என்னைக் குழிதோண்டிப் புதைக்கவா?"

அவ்வளவுதான் அவர் கோபம். நிறத்தைத் தவிர வேறொன்றும் அவருக்குப் புரியவில்லை. "பிஷப் அங்கியிலேர்ந்து விழுந்திருக்கும் சார்" என்று நான் சொல்லியும் விட்டேன். ஆனால் என் கணவர் அதைக் கேட்டால்தானே? டைரக்டர் கையில் பொத்தானையும் முகத்தில் கோபத்தையும் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"நிசந்தான் சார். ரெண்டு வருஷமா எனக்குக் காது கேக்கல" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "இவ தச்சா, நான் மிதிச்சு நடந்தேன். இவ மேல தப்பில்ல."

லோரெதானா பிடரியைத் தடவிப் பார்த்தாள்.

கொர்ராதி அவர் முகத்துக்கு நேராக வந்து நிதானமாக வாயசைத்தார்: "அந்தப் பொண்ணு கழுத்து போயிருக்கும்."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு ட்ராலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அதைத் தொடவில்லை.

பொத்தானின் கதையை நான் மறைத்திருப்பேன், அவர் அவசரப்பட்டார் என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டேன். "ஒர்சோலா, அந்தப் பொண்ணு குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தாளே, நீ பாத்தல்ல?" என்று மட்டும் கேட்டார். ஸ்டூடியோவில் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும் வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார்.

வசந்தத்தில் அந்தப் படம் எங்கள் பேட்டைத் தியேட்டருக்கு வந்தது. ஞாயிறு மத்தியானக் காட்சி. அந்த முதல் காட்சியில் பாட்டில்லை, பேச்சில்லை, கடிகாரச் சத்தம் மட்டும் வைத்திருந்தார்கள். அதுவும் அவருக்குக் கேட்காது. எல்லாரும் அந்தத் திறந்த கதவையே பார்த்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றியிருந்தார். திரையில் பிடரி நெருங்க நெருங்க அவருடைய கால்விரல்கள் சிமெண்டுத் தரையில் எதையோ தேடின.

முன்வரிசையில் யாரோ வீறிட்டார்கள். விரல்கள் நின்றன.