ஃபாதர் பெயரில் வந்த மின்னஞ்சல்

அட்டனில் எங்கள் பெண்கள் உதவி நிலையத்துக் கணினியின் விளிம்பில் ஒரு மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டியிருக்கும். கடவுச்சொல்லை அதில்தான் எழுதி வைத்திருந்தோம். எல்லோருக்கும் அது ஒன்றேதான். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த அக்கா முதல் நாளே அதைக் கிழித்துப் போட்டார்.

கணினிகள் அவர் பொறுப்பு. ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கச் சொன்னார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். எங்களிடம் அடைக்கலம் தேடி வந்த பெண்களைப் பற்றி மின்னஞ்சலில் யார் கேட்டாலும், கேட்டவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும். நிலையத்தின் தலைவரான ஃபாதருக்கும் அதே சட்டம்தான்.

ஃபாதர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்குத் தகப்பனைப் போல. "ஏம்மா, என்னையவே சந்தேகப்படுறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டார்.

"கோவிக்காதேங்கோ ஃபாதர். உங்களையில்லை, உங்கட பேரில வாறவையைத்தான் நம்பேலாது" என்றார் அக்கா. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை இறக்கி நிறுத்தப்பட்டவர் அவர். நீ யாரென்று நிரூபி என்னும்போது மனம் எப்படிக் கூசும் என்று அறிந்தவர். அதனால்தானோ என்னவோ, அந்தக் கேள்வியை மன்னிப்புக் கேட்பதுபோலவே கேட்பார்.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், ஃபாதரின் முகவரியிலிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து, புருஷனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு ஓடிவந்த பெண்ணை நுவரெலியாவில் எங்கே தங்க வைத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தது. கூட்டத்தில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, உடனே அனுப்பு என்றும் இருந்தது.

"அவசரம்னு போட்டிருக்காரே அக்கா" என்றேன்.

"பரவாயில்லை. அவற்ற குரல் கேக்குமட்டும் காத்திருப்பம்."

அழைத்துப் பார்த்தோம், போன் கிடைக்கவில்லை. ஃபாதர் லிந்துலையில் ஒரு மரண வீட்டில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இதற்கிடையில் அடுத்த மின்னஞ்சல் வந்தது. வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டல். ஆனாலும் அக்கா என்னைப் பதில் எழுதவிடவில்லை.

பின்னேரம் ஃபாதரே அழைத்தார். விஷயத்தைச் சொன்னோம். "நா எந்த மெயிலும் அனுப்பலியேம்மா" என்றார் மெல்ல. அன்று காலை டவுனில் ஒரு இன்டர்நெட் கடையில் மெயில் பார்த்தவர், கணக்கை மூடாமலே எழுந்து வந்திருக்கிறார். அவரைத் தொடர்ந்து வந்த அந்தப் பெண்ணின் புருஷன், அவர் எழுந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்திருக்கிறான். பொலிஸ் விசாரணையில்தான் இது தெரியவந்தது.

அன்று நனைந்த அங்கியோடு நிலையத்துக்கு ஓடிவந்த ஃபாதர், அக்காவின் முன்னால் வந்து நின்றார். "நல்லவேளம்மா, நீங்க என்னைய நம்பல" என்றார். அதுவரை கல்லாக நின்ற அக்கா, முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

அந்தப் பெண் இன்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அன்றைய கைக்குழந்தை அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்டது. அந்த மின்னஞ்சலைப் பற்றி அவளிடம் நாங்கள் சொல்லவேயில்லை. சொல்லட்டுமா என்று நான் கேட்டபோது அக்கா தலையசைத்து மறுத்தார்.

"வேண்டாம். அவள் இப்பதான் நிம்மதியா நித்திரை கொள்ளுறாள்."