முதல் புள்ளி

எதிர் வீட்டு ஆயாவுக்குக் கூன் முதுகு. ஆனாலும் விடியலில் கோலம் அவர்தான் போடுவார். சாமியை வேண்டிக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைப்பார். முதல் புள்ளி மகனுக்கு.

அன்று விடியுமுன்பே, விற்பதற்கான சேலைக் கட்டோடு பைக்கில் கிளம்பிய மகன், வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டார். பேரன் எனக்குப் போன் செய்து, "உடல் வரும்வரை ஆயாவிடம் சொல்லாதீங்க" என்றான்.

வெளியே வந்தேன். ஆயா கோலமாவோடு குனிந்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? காப்பி குடுக்கலியா வூட்ல?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முதல் புள்ளியை வைத்தார். சொல்லாமலிருப்பதே கருணை என்று நினைத்தேன்.

உடலைக் கோலத்தை மிதித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஆயா அழவில்லை. என்னிடம் வந்தார்.

"புள்ள செத்த அன்னிக்கு என்னியக் கோலம் போட வுட்டுட்டு, பாத்துக்கினு நின்னியே வாத்தியாரே."

கருமாதி முடிந்து ஆயா மறுபடியும் கோலம் போடுகிறார். முதல் புள்ளி யாருக்கென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.